கப்பல் போதும், ஃபெரியை எழுதுங்கள்

மலேசியத் தமிழ் இலக்கியத்தில் கடல் என்றால் கப்பல், கப்பல் என்றால் ரஜூலா, ரஜூலா என்றால் தாத்தா. கதை எங்கே தொடங்கினாலும் நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கில் இறங்கி, கங்காணியின் பின்னால் நடந்து, ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் போய் நிற்கும். நிகழ்ச்சி மேடையில் இதைச் சொன்னால் கைதட்டு. போட்டிக்கு அனுப்பினால் ஆறுதல் பரிசாவது உறுதி. இந்தக் கப்பலைக் கொஞ்ச நாளைக்கு கரையில் கட்டிப்போட்டால் என்ன என்று கேட்கத்தான் இந்தக் கட்டுரை. கோபப்படுவதற்கு முன்னால் என்ன சொல்கிறேன் என்று முழுசாகக் கேட்டுவிடுங்கள்.

நான் ஈப்போ சிலிபின்காரன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் படித்தேன். வேலை விஷயமாக மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை பினாங்குத் தீவுக்குப் போகிறேன். ஈப்போவில் ஈடிஎஸ் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் பட்டர்வொர்த். அங்கிருந்து பினாங்கு சென்ட்ரல் கட்டடத்தைக் கடந்து சுல்தான் அப்துல் ஹலிம் துறை. ஃபெரியில் கடலைக் கடந்தால் ஜார்ஜ் டவுனில் ராஜா துன் ஊடா துறை. இந்த வழியில்தான் தீவின் கரையில் இருக்கும் இரண்டு துறைகளைப் பார்க்கப் பழகினேன்.

ஃபெரியை விட்டு இறங்கி வெல்ட் கீ சாலையில் வடக்குப் பக்கம் நடந்தால், கால் மணி நேரத்தில் சுவெட்டன்ஹாம் பியர் வந்துவிடும். உல்லாசக் கப்பல்கள் நிற்கும் இடம். 1904இல் திறந்த துறை. பெயருக்குரிய ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் நம்ம பேராக்கில் ரெசிடெண்டாக இருந்து, பிறகு நீரிணைக் குடியேற்றங்களுக்கு கவர்னர் ஆனவர். கிள்ளானில் அவர் பெயரில் இருந்த துறைமுகத்துக்கு 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பினாங்கில் மட்டும் மனுஷன் இன்னும் கரையில் நிற்கிறார். 2017இல் பினாங்குத் துறைமுக நிறுவனமும் ராயல் கரீபியன் கப்பல் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து, 15 கோடியே 50 லட்சம் வெள்ளிச் செலவில் இந்தத் துறையை நீட்டப்போவதாக அறிவித்தன. 400 மீட்டர் கப்பல் மேடை 688 மீட்டர் ஆக வேண்டும், 2,20,000 டன் வகைக் கப்பல்கள் இரண்டு ஒரே நேரத்தில் நிற்க வேண்டும் என்பது திட்டம்.

கப்பல் வரட்டும், காசும் வரட்டும். சுற்றுப்பயணிகள் இறங்கி லிட்டல் இந்தியாவில் முறுக்கு வாங்கட்டும். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் சண்டை ‘பயணி’ என்கிற சொல்லோடுதான்.

முதலில் கப்பல் கணக்கைப் பார்ப்போம். ரஜூலா 1926இல் கட்டப்பட்டது, 8,478 டன். அந்தக் காலத்து அனுமதிப்படி 5,000க்கும் மேற்பட்டவர்களை மேல்தளப் பயணிகளாக, அதாவது டெக் டிக்கெட்டில், ஏற்றலாம். இன்றைய மிகப் பெரிய உல்லாசக் கப்பல் 2,20,000 டன்னுக்கு மேல். ஏறக்குறைய 6,000 பேரை ஏற்றும். கப்பல் ‘டன்’ என்பது எடை அல்ல, கொள்ளளவு. பழைய டன்னும் புதிய டன்னும் ஒரே அளவு அல்ல என்பதால் இரண்டையும் கனமீட்டருக்கு மாற்றிப் பார்த்தேன். இயந்திர அறை, சமையலறை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால்கூட ரஜூலாவில் ஆளுக்கு 5 கனமீட்டருக்கும் குறைவு. இன்றைய கப்பலில் ஆளுக்கு 100 கனமீட்டருக்கு மேல். ஐந்து கனமீட்டர் என்றால் இரண்டு பேர் படுத்துத் தூங்கக்கூடிய ஒரு சின்னப் பெட்டி. அதில்தான் ஒரு வாரம்.

நம் கப்பல் கதைகளில் இந்தக் கணக்கு வராது. நிலவு வரும், அலை வரும், ஊரை நினைத்து அழும் ஒரு பெண் வருவாள். ஜெரஜாக் தீவு வந்தால் அதிசயம். பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்னத் தீவில்தான் தொற்றுத்தடுப்பு முகாம் இருந்தது. தோட்டத்துக்கென்று கொண்டுவரப்பட்டவர்கள் முதலில் அங்கே இறக்கப்பட்டு, நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை அமைத்தார்கள். தோட்ட முதலாளிகள் அதற்குப் பணம் கட்டினார்கள். கூலியின் கப்பல் செலவு அதிலிருந்து போனது. உதவிப் பயணத்தில் தொழிலாளர் வருவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. அதுவரை இந்த வழியில் வந்த நம் ஆட்கள், கணக்குப் புத்தகத்தில் பயணிகளாக வரவில்லை. அடுத்தவன் காசில் வந்து இறங்கும் கையிருப்பாக வந்தார்கள். டிக்கெட் அவர்களுடையது அல்ல என்பதுதான் கப்பல் கதையின் எலும்பு. ஏக்கம் எழுதுகிறவர்கள் அந்த எலும்பை எடுத்துவிட்டு சதையை மட்டும் பரிமாறுகிறார்கள்.

சொல்லுக்கு வருகிறேன். மலாயில் மூன்று சொற்கள் இருக்கின்றன. ‘பெலாஞ்சோங்’ என்றால் சுற்றுப்பயணி, அவருக்கு மாலை மரியாதை. ‘பெனும்பாங்’ என்றால் டிக்கெட் எடுத்து ஏறுகிறவர். அதே சொல்லுக்கு அடுத்தவன் வீட்டில் ஒண்டியிருப்பவன் என்றும் பொருள் உண்டு. மூன்றாவது ‘பெண்டாத்தாங்’, வந்தேறி. அதற்கு விளக்கம் தேவையில்லை, பள்ளிக்கூடத்திலேயே கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்.

யாராவது மேடையில் நம்மைப் பார்த்து மூன்றாவது சொல்லைச் சொல்லிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? இரவோடு இரவாக கப்பலைக் கிளப்புகிறோம். ரப்பர் மரம் நட்டது யார், ரயில் பாதை போட்டது யார், காட்டை அழித்தது யார் என்று பட்டியல். ஒவ்வொரு வரியும் உண்மைதான். ஆனால் பட்டியல் போடும்போதே நாம் கேள்வியை ஏற்றுக்கொண்டுவிட்டோம். ‘எப்போது வந்தாய், எதற்கு வந்தாய்’ என்று ஒருவன் கேட்க, நாம் தாத்தாவின் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கிறோம். சீனரும் புகிஸும் ஜாவாக்காரரும் கப்பலில் வந்த நாட்டில், நாம் மட்டும் எண்பது வருஷமாக இன்னும் கரை இறங்கவில்லை. நம்மை நாமே கப்பலில் வைத்து எழுதிக்கொண்டிருந்தால், கரையில் நமக்கு என்ன உரிமை என்ற பேச்சு எப்போது வரும்?

எனக்கு இரண்டாவது சொல் பிடிக்கும். பெனும்பாங். ஒண்டியிருப்பவன் என்கிற பொருளில் அல்ல, காசு கொடுத்து ஏறி, வண்டி ஏன் தாமதம் என்று சத்தம் போடக்கூடிய பயணி என்கிற பொருளில். அந்த உரிமைக்குத் தாத்தாவின் சாட்சி தேவையில்லை. கையில் இருக்கும் டிக்கெட் போதும்.

இப்போது ஃபெரி. பினாங்கு ஃபெரி 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் தொடங்கியது. 1985இல் பாலம் திறக்கும்வரை தீவுக்குப் போகத் தரைவழி கிடையாது. ஜார்ஜ் டவுனில் இன்றைக்குச் சுங்க இலாகா இருக்கும் மணிக்கூண்டுக் கட்டடம் ஒரு காலத்தில் ரயில்வே கட்டடம். தண்டவாளமே இல்லாத ஸ்டேஷன் என்று கேலியாகச் சொல்வார்கள். தீவில் அங்கேயே ரயில் டிக்கெட் வாங்கலாம். ரயில்வேயின் ஃபெரியே அக்கரையில் பிறைக்குக் கொண்டுபோய் விடும். அங்கே ஈப்போ ரயில் நிற்கும். கடல் அவர்களுக்கு ரயில் பாதையின் ஒரு பகுதி. நூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரனுக்கு அவன் லாபத்துக்காகத் தோன்றிய ஒரு எளிய யோசனை அது. இன்றைக்கு நான் ரயிலுக்கு ஒரு டிக்கெட், ஃபெரிக்கு இன்னொரு டிக்கெட் எடுக்கிறேன்.

பழைய இரட்டைத் தளக் ஃபெரிகளின் கடைசி நாள் 2020 டிசம்பர் 31. அந்த வாரம் முகநூலைத் திறக்க முடியவில்லை. மஞ்சளும் ஆரஞ்சுமாகப் படங்கள். கவிதைகள் வேறு. ‘நம் பால்யத்தை ஏற்றிச் சென்ற படகே’ என்கிற பாணியில். அந்தப் படகுகளுக்கு வயசாகிவிட்டது. அடிக்கடி பழுதானது. ஒரு பொறியாளனாக நான் சொல்வேன், அவை ஓய்வு பெற வேண்டியவைதான். இரும்புக்கு உப்புத் தண்ணீரில் பால்யம் கீல்யம் எல்லாம் கிடையாது.

அழுதவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி. ஜனவரி 1ஆம் தேதி காலையில் என்ன நடந்தது என்று எத்தனை பேர் எழுதினீர்கள்? அன்றிலிருந்து காடி ஏற்றும் சேவை இல்லை. நடைப்பயணிகளுக்கு சின்ன அதிவேகப் படகுகள். 250 பேரும் 50 மோட்டாரும் ஏறக்கூடிய நான்கு புதிய ஃபெரிகள் ஓட ஆரம்பித்தது 2023 ஆகஸ்டில். நடுவில் இரண்டரை வருஷம். பெருநிலத்தில் குடியிருந்து தீவில் வேலை செய்கிறவனுக்கு இரண்டரை வருஷம் என்பது எத்தனை காலை, எத்தனை மழை? படகின் நிறத்துக்கு இரங்கல் எழுதினோம். படகுக்காக நின்றவனை எழுதவில்லை.

இன்னொன்று. 2019 ஜனவரி 1 முதல் பினாங்குப் பாலத்தில் மோட்டாருக்கு டோல் இல்லை. நல்ல முடிவு, ஏழைக்கு உதவி. ஆனால் ஃபெரியில் அதே மோட்டாருக்குக் கட்டணம் உண்டு. விளைவு என்ன? 13.5 கிலோமீட்டர் பாலத்தில், காற்றிலும் மழையிலும், லாரிகளின் பக்கத்தில் போவது இலவசம். நிழலில் உட்கார்ந்து கடலைக் கடக்கக் காசு. பாதுகாப்பான வழிக்கு விலையும் ஆபத்தான வழிக்குச் சலுகையும் என்று ஒரு கொள்கை, யாரும் திட்டமிடாமலே உருவாகிவிட்டது. இதை ஒரு பட்ஜெட் அதிகாரி கண்டுபிடிக்காமல் போகலாம். நாவல் எழுதுகிறவர் கண்ணில் படாமல் போகலாமா?

“அதெல்லாம் பேப்பர்காரன் வேலை, இலக்கியம் வேற” என்று ஒரு நண்பர் சொன்னார். சரி, இலக்கியத்துக்கே வருவோம்.

1988 ஜூலை 31. பட்டர்வொர்த் சுல்தான் அப்துல் ஹலிம் துறை. அன்றைக்கு இரண்டு திருவிழாக் கூட்டம். புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் தேவாலயத் திருவிழாவுக்கு வந்தவர்கள் ஒரு பக்கம், தீவில் குவான் யின் தெய்வத்தின் விழாவுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். ஃபெரிக்குக் காத்திருந்த கூட்டத்தின் எடை தாங்காமல் துறையின் மேல்தளம் கீழே நின்றவர்கள் மேல் விழுந்தது. 32 பேர் செத்தார்கள். 1,634 பேருக்குக் காயம்.

எனக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. சிலிபினில் லூர்து மாதா கோயில் இருக்கிறது. ஈப்போத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஜூலை கடைசி வந்தால் செயின்ட் ஆனுக்குப் போவது எங்கள் பக்கத்தில் இந்துக் குடும்பங்களுக்கும் வழக்கம்தான். எங்கள் தெருவில் ஓர் அத்தை உண்டு. இன்றைக்கும் பட்டர்வொர்த்தில் மாடியில் நடக்கவே யோசிப்பார். “கீழ தரை எங்க இருக்குன்னு பாத்துக்கிட்டுத்தான்டா நான் நிப்பேன்” என்பார். நான் சிவில் படிக்கப் போகிறேன் என்றபோது அவர் சொன்ன ஒரே வார்த்தை: “ஆளுங்க நிக்கிற இடத்த ஒழுங்கா கட்டுங்கடா.”

படிப்பில் அதற்கு ஒரு எண் இருக்கிறது. கூட்டம் கூடும் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன், சுமார் 500 கிலோ, தாங்கும்படி வடிவமைப்பது வழக்கம். அதாவது ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் நெருக்கி நிற்கும் எடை. சாதாரண நாளில் அவ்வளவு பேர் நிற்க மாட்டார்கள். தைப்பூசத்துக்கும் செயின்ட் ஆனுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நிற்பார்கள். லீவு எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடியாதவர்கள், எல்லோரும் ஒரே நாளில் கிளம்புகிறவர்கள். அவர்களுடைய எடைதான் துறையின் உண்மையான எடை. உல்லாசக் கப்பலின் பயணி பட்டியலில் இருக்கிறார், எண்ணி இறக்கலாம். ஃபெரியின் கூட்டத்துக்குப் பட்டியல் கிடையாது. முன்கூட்டியே யாராவது அவர்களைப் பற்றி யோசித்திருந்தால்தான் உண்டு.

இந்தச் சம்பவத்தை நீங்கள் எத்தனை தமிழ்ச் சிறுகதைகளில் வாசித்திருக்கிறீர்கள்? விரல் விட்டு எண்ணுங்கள். ரஜூலாவை எத்தனையில் வாசித்திருக்கிறீர்கள்? கால் விரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறி வந்த கப்பலுக்கு நூறு கதை. நம் ஆட்களும் நின்றிருந்த துறை இடிந்து விழுந்ததற்கு மௌனம். ஏன்? கப்பல் கதையில் குற்றவாளி செத்துப்போன வெள்ளைக்காரன். எழுதினால் யாருக்கும் கோபம் வராது. துறை கதையில் கேள்வி கேட்க வேண்டியது சுதந்திர மலேசியாவை. அதற்குத் தகவல் வேண்டும், ஆட்களிடம் பேச வேண்டும், தைரியமும் கொஞ்சம் வேண்டும். ஏக்கத்துக்கு இது எதுவும் வேண்டாம்.

ஏக்கத்துக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. அது சீக்கிரம் விலை போகும். ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் ஏறியபின் அந்தக் கரையில் எல்லாப் பழசுக்கும் ஒரு விலை வந்துவிட்டது. பழைய ஃபெரியின் படம் போட்ட டீ-சட்டை கிடைக்கிறது, காந்தப் பொம்மை கிடைக்கிறது. நாளைக்கே உல்லாசக் கப்பல் முனையத்தின் சுவரில் வேட்டி கட்டிய கூலி ஒருவரின் ஓவியம் வரைந்தால், அதற்கு அடியில் எழுத நம் கதைகளில் இருந்தே வரி எடுக்கலாம். அவ்வளவு பொருத்தமாக இருக்கும். இறங்குகிற சுற்றுப்பயணி பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பார். நாம் பெருமைப்பட்டு பகிர்வோம். ‘துறையில் நம் முன்னோருக்கு ஒரு சிலை வேண்டும்’ என்று கேட்கிறவர்களிடம் அதனால்தான் எனக்குத் தயக்கம். சிலை வரட்டும், நான் தடுக்கவில்லை. சிலை வைப்பது எந்த அரசுக்கும் ரொம்ப மலிவு. கால் மணி நேரத்துக்கு ஒரு ஃபெரி விடுவது மலிவு அல்ல. மலிவானதையே ஏன் முதலில் கேட்கிறோம்?

“ஃபெரியில் எத்தனை பேர் போறாங்க? கப்பல்ல ஒரே நாள்ல ஆறாயிரம் பேர் இறங்குறான்” என்பது அடுத்த வாதம். கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு தொழிலாளி வருஷத்துக்கு 250 நாள் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 500 தடவை கடலைக் கடக்கிறார். பன்னிரண்டு பேர் கடந்தால் 6,000. ஒரு உல்லாசக் கப்பல் நிறைய வந்து இறங்கும் கூட்டமும், பன்னிரண்டு தொழிலாளிகளின் ஒரு வருஷமும் ஒரே எண். கப்பலுக்கு வரவேற்பு நடனம் இருக்கும், பத்திரிகையில் படம் வரும். பன்னிரண்டு பேரை யார் எண்ணுகிறார்கள்?

சுற்றுப்பயணி செலவழிக்கிறார், தொழிலாளி செலவழிப்பதில்லை என்பார்கள். சுற்றுப்பயணி குடிக்கும் காப்பியை ஆற்றியவர், அவர் தூங்கிய ஹோட்டல் விரிப்பை மாற்றியவர், துறை வாசலில் யூனிஃபார்மில் நிற்பவர் எல்லாம் எங்கிருந்து வருகிறார்கள்? தீவில் வீட்டு வாடகை கட்ட முடியாதவர்கள் அக்கரையிலிருந்துதான் வர வேண்டும். ஒரு துறை ஒழுங்காக ஓடினால்தான் இன்னொரு துறைக்குக் காலையில் ஆள் வரும்.

“அப்ப சரித்திரத்தை மறக்கச் சொல்றியா?” என்று கேட்பீர்கள். இன்னும் சரியாக எழுதச் சொல்கிறேன். ஐந்து கனமீட்டரை எழுதுங்கள். ஜெரஜாக்கை எழுதுங்கள். டிக்கெட் யார் காசு என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் பழைய கதை தானாகவே இன்றைய வரிசையில் வந்து நிற்கும். அன்றைக்கு முதல் வகுப்பில் வந்தவர் துறையில் இறங்கினார், மேல்தளத்தில் வந்தவர் தனித்தீவில் காத்திருந்தார். யாரைக் காக்க வைக்கலாம், யாரைக் காக்க வைக்கக்கூடாது என்று ஒரு நகரம் எடுக்கும் முடிவு அது. கப்பலும் பெயரும் மாறிவிட்டன. அந்த முடிவு மாறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் எழுத்தாளர் வேண்டும்.

எனவே இதை வாசிக்கும், என் வயசுக்கும் குறைந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பினாங்குக்குப் போகும்போது பாலத்தில் போகாதீர்கள். ஃபெரி எடுங்கள். கடலைப் படம் எடுப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் பசியாறுவதைப் பாருங்கள். கயிற்றைக் கட்டுகிறவரிடம் எத்தனை வருஷமாக வேலை, நிரந்தரமா கான்ட்ராக்டா என்று கேளுங்கள். மோட்டாரில் மழைக்கோட்டை மடித்து வைத்திருப்பவரிடம் பாலம் இலவசமாச்சே, ஏண்ணே இதில் வருகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் நீங்கள் நினைத்த மாதிரி இருக்காது. நான் கேட்டபோது ஒருவர் சொன்னார்: “கால் மணி நேரம் கண்ண மூடலாம் தம்பி. பாலத்துல மூட முடியுமா?”

அதை எழுதுங்கள். கதையில் தாத்தா வந்தாலும் பரவாயில்லை. அவர் கையிலும் ஒரு டிக்கெட் இருக்கட்டும், ஃபெரி தாமதமானால் அவரும் எழுந்து நின்று கேட்கட்டும்.